வாய்வு என்றால் சோடா, மாரடைப்பு என்றால் ஆம்புலன்ஸ்: சொற்கள் நம்மை நடத்தும் விதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் 15 வருடமாக மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை பார்க்கிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் பிடித்துத் தருவது, மருந்துக்கடையில் பேசுவது, டாக்டர் சொன்னதை நிதானமாகத் திரும்ப விளக்குவது என்று நாள் போகும். சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் பாதி தெலுங்கு, தெருவில் தமிழ், எதிர்வீட்டில் உருது. பெங்காலி மட்டும் இந்தத் தெருவில் கற்றுக்கொண்டது. கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மொழி நம் எண்ணத்தையே மாற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் சிலர் சொல்லும் அளவுக்கு இல்லை.

இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவக் காரணமானவர் பெஞ்சமின் லீ வோர்ஃப் (1897–1941) என்ற அமெரிக்கர். பிழைப்புக்குத் தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. அதைப் பார்த்துக்கொண்டே எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளரிடம் படித்தார். தீப்பிடித்த இடங்களின் அறிக்கைகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒன்று பிடிபட்டது. பெட்ரோல் நிரம்பிய டிரம்கள் இருக்கும் இடத்தில் ஆட்கள் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். காலி டிரம்கள் கிடக்கும் இடத்தில் சிகரெட் பிடித்து, துண்டை அங்கேயே வீசுகிறார்கள். காலி டிரம்மில்தான் ஆவி நிறைந்திருக்கும், பொறி பட்டால் வெடிப்பதும் அதுதான். ‘காலி’ என்ற சொல் ‘இங்கே ஒன்றுமில்லை, பயப்படாதே’ என்று சொல்லிவிட்டது. ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அப்புறம் வந்த சிலர் இதை இழுத்துக்கொண்டே போய், ஒரு மொழியில் சொல் இல்லாவிட்டால் அந்த மொழிக்காரரால் அந்தப் பொருளை நினைக்கவே முடியாது என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வாதம் நிலைக்கவில்லை. நான் புரிந்துகொண்டது இப்படி: ஏரிக்கரையில் ஆட்கள் நடந்து நடந்து ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். வரப்பில் இறங்கியும் போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் யோசிக்காமல் நடந்தால் கால் அந்தப் பாதையில்தான் போகும். அவசர நேரத்தில் நாம் யாரும் யோசித்து நடப்பதில்லை.

வெறும் வார்த்தைதானே, அதனால் என்ன கெட்டுவிடும்?

என் நைனா லுங்கி நெசவு செய்தவர். ஒரு நாள் விடியற்காலை அவருக்கு மார்பு இறுகியது, வேர்த்துக் கொட்டியது. “வாய்வு புடிச்சிகினு கீது, சோடா வாங்கிகினு வா” என்றார். ஓடிப்போய் வாங்கி வந்தேன். குடித்தார், ஏப்பம் வந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அம்மா மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். இடது கை வலிக்கிறது என்றபோது, வாய்வு கையில் இறங்கிவிட்டது என்று தைலம் தேய்த்துவிட்டோம். மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் தறியில் உட்காரவில்லை.

அந்த வீட்டில் இருந்த யாரும் அறிவில்லாதவர்கள் இல்லை. எல்லோரும் அவரைக் காப்பாற்றத்தான் ஓடினோம். ‘வாய்வு’ என்று பெயர் விழுந்ததும் கை சோடாவைத் தேடிப் போனது. அந்தச் சொல்லுக்குள் மருந்தும் இருந்தது, அவசரமில்லை என்ற தீர்ப்பும் இருந்தது. வலி கைக்குப் போனதைக்கூட அந்தச் சொல்லே விளக்கிவிட்டது, சந்தேகம் வர இடமே இல்லை. அன்று யாராவது ஒருவர் ‘நெஞ்சடைப்பா இருக்குமோ’ என்று கேட்டிருந்தால் 108-க்கு போன் போட்டிருப்போம். உடம்பில் நடந்தது ஒன்றுதான். பெயரைப் பொறுத்து ஐந்து மணி நேரம் போயிற்று.

இதற்குப் பிறகு நோய்ப் பெயர்களை நான் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன். ‘ரத்தக் கொதிப்பு’ என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். கொதிப்பு என்றால் உள்ளே சூடாக இருக்க வேண்டும், கோபம் வர வேண்டும், முகம் சிவக்க வேண்டும். அதெல்லாம் எனக்கு இல்லையே, நான் அமைதியாகத்தான் இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்ட பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலான பேருக்கு இந்த நோயில் ஒரு அறிகுறியும் தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். ‘ரத்த அழுத்தம்’ என்று சொல்லும்போது அளக்க வேண்டிய ஒன்று என்பதாவது மனதில் வருகிறது.

‘சக்கரை’ அதைவிட மோசம். சீனியை விட்டாயிற்று, காபிக்கு நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும்தான் போடுகிறேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். தட்டில் மூன்று கரண்டி சோறு மலை மாதிரி இருக்கும். வெல்லமும் ரத்தத்தில் குளுக்கோசை ஏற்றும், சோறும் ஏற்றும். பெயரில் சோறு இல்லாததால் சோற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ‘நீரிழிவு’ என்ற பழைய பெயர் அடிக்கடி சிறுநீர் போவதைச் சொல்லுகிறது, சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. அதனால் அது வேறு விதத்தில் குறையுள்ள பெயர்.

மஞ்சள் காமாலை வந்தால் பருப்பில் மஞ்சள்தூள் போடாமல் சமைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. மஞ்சளாவது பித்தநீரில் உள்ள நிறப்பொருள் ரத்தத்தில் கூடுவதால். அதற்குக் கல்லீரல் தொற்றும் காரணமாகலாம், பித்தப்பைக் கல்லும் காரணமாகலாம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பழமொழி சொல்கிறோம். அந்த நோய் வந்தவருக்கு உலகம் மஞ்சளாகத் தெரிவதில்லை. சுற்றி இருக்கும் நமக்குத்தான் அந்தப் பெயரால் எல்லாம் மஞ்சளாகிறது.

அப்படியென்றால் பழைய பெயர்களை எல்லாம் விட்டுவிடலாமா?

கூடாது. ‘அம்மை’யை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் கொப்புளம் கண்டதும் ‘அம்மா வந்திருக்காங்க’ என்கிறோம். வீட்டுக்கு வந்த தெய்வத்துக்கு என்ன மரியாதையோ அதெல்லாம் நடக்கும். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டுக்காரர்கள் கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், இளநீர், குளிர்ச்சியான சாப்பாடு. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை இந்தக் கட்டுப்பாடு. தொற்றுநோய்க்குத் தனிமைப்படுத்தல் எவ்வளவு முக்கியம் என்று மருத்துவம் சொல்வதை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள் ஒரு பெயரை வைத்தே நடத்திக்காட்டினார்கள்.

அதே பெயர் டாக்டரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அம்மா வந்திருக்கும்போது ஊசி போட்டால் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தார்கள். பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் அறிவித்தார்கள். தடுப்பூசியால் ஒழிந்தது. இன்று வருவது பெரும்பாலும் சின்னம்மை. குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, மயக்கமாகக் கிடந்தாலோ, பெரியவர்களுக்கும் கர்ப்பிணிக்கும் வந்தாலோ, வேப்பிலை வாசலில் இருக்கட்டும், டாக்டரிடமும் போங்கள். நான் வீடுகளில் இப்படித்தான் சொல்கிறேன். பெயரோடு சண்டை போட்டால் கேட்கமாட்டார்கள்.

டாக்டரிடம் ‘வலி’ என்று சொன்னால் போதாதா?

போதாது. என் வேலையில் நான் செய்த பெரிய தப்பு இங்கேதான்.

முதல் வருடம், ஒரு வங்காளப் பாட்டி காலைக் காட்டி ‘ஜின்ஜின்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ‘கால் வலிக்குதாம்’ என்று மொழிபெயர்த்தேன். வலி மாத்திரை எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து அதே புகாரோடு வந்தார். அப்போதுதான் லாட்ஜில் வேலை பார்த்த, மேற்கு வங்கத்து மால்டாக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார்: ‘ஜின்ஜின்’ என்றால் வலி இல்லை, மரத்துப்போய்க் குறுகுறுக்கிறது. நாம் ‘மதமதன்னு இருக்குது’ என்போமே, அது. இந்தச் சொல்லைக் கேட்டதும் டாக்டர் நரம்பையும் சர்க்கரையையும் பரிசோதிக்கச் சொன்னார். ஒரு வாரத்தை என் ஒரு சொல் தின்றுவிட்டது.

தமிழில் வலிக்கு எவ்வளவு சொற்கள் இருக்கின்றன. சுருக் சுருக்கென்று குத்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, குடைகிறது, கடுக்கிறது, பிசைகிறது, காந்துகிறது, இழுக்கிறது, அறுக்கிறது, உளைகிறது. ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும். வயிறு பிசைவதும் வயிறு காந்துவதும் ஒன்றில்லை என்று நம் வீட்டுக் குழந்தைக்கே தெரியும். பெங்காலியிலும் இதே மாதிரி இரட்டைச் சொற்கள். நம் ‘விண்விண்’ அங்கே ‘தொப்தொப்’. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகளுக்கு, உடம்பைப் பேசும்போது மட்டும் ஒரே தாளம் வந்துவிடுகிறது. எனக்கு இது எப்போதும் பிடித்தமான விஷயம்.

மருத்துவமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரொனால்டு மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாளில் வலியை விவரிக்கும் 78 சொற்கள் இருக்கின்றன. நோயாளி எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே ஒரு பரிசோதனை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் இந்தச் சொற்களை எல்லாம் வெளியே விட்டுவிட்டு, ‘பெயின்’ என்ற ஒற்றைச் சொல்லோடு உட்காருகிறார்கள். படித்தவர் முன்னால் நாட்டுப்புறச் சொல் சொல்லக் கூச்சம். கூச்சப்படாதீர்கள், அந்தச் சொல்லில்தான் தகவல் இருக்கிறது. ‘மயக்கம்’ என்று மட்டும் சொன்னாலும் இதே சிக்கல். தலை சுற்றினாலும் அதுதான், நினைவு தப்பி விழுந்தாலும் அதுதான். எது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள், பத்துப் பேர் இறக்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தானே?

கணக்கு ஒன்றுதான், கேட்கிற மனசு ஒன்றில்லை. 1982-இல் அமெரிக்காவில் பார்பரா மெக்நீலும் ஆமோஸ் ட்வெர்ஸ்கி முதலியவர்களும் நோயாளிகள், மாணவர்கள், மருத்துவர்கள் ஆகியோரிடம் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையா, கதிர்வீச்சா என்று கேட்டார்கள். ஒரு பாதிக்குப் பிழைப்பவர் கணக்கைச் சொன்னார்கள், மறுபாதிக்கு இறப்பவர் கணக்கை. அறுவைச் சிகிச்சையைத் தாண்டி 100-க்கு 90 பேர் பிழைப்பார்கள் என்பதும் 10 பேர் இறப்பார்கள் என்பதும் ஒரே செய்தி. பிழைப்பவர் கணக்கைக் கேட்டவர்களில் கதிர்வீச்சைத் தேர்ந்தவர்கள் 18 சதவீதம், இறப்பவர் கணக்கைக் கேட்டவர்களில் 44 சதவீதம். மருத்துவர்களும் இதற்குத் தப்பவில்லை.

அதனால் நான் இரண்டையும் சொல்கிறேன். ‘நூறு பேருக்குப் பண்ணா தொண்ணூறு பேர் வீட்டுக்குப் போறாங்க, பத்து பேர் தவறிடறாங்க.’ இப்படிச் சொல்ல நேரம் கொஞ்சம் கூட ஆகும். முடிவு எடுக்க வேண்டியவர் அவர், என் வாக்கியம் எடுக்கக் கூடாது.

பெங்காலியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல்லாமே, அவர்களுக்குக் காலம் குழம்பாதா?

குழம்பாது. இந்தியில் ‘கல்’, பெங்காலியில் ‘கால்’, இரண்டு நாளுக்கும் அதுதான். வினைச்சொல் காலத்தைக் காட்டிவிடும். அவர்கள் தண்ணீரையும் சிகரெட்டையும் ‘சாப்பிடுகிறார்கள்’. அதற்காகத் தண்ணீரை மென்று தின்பதாக யாரும் நினைப்பதில்லை. ஒரு சொல்லை வைத்து ஒரு ஜனத்தின் மூளையை அளக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் வினைச்சொல் இல்லாமல் ‘கால், 9 மணி’ என்று துண்டுச் சீட்டில் எழுதினால் ஆபத்து. நான் எப்போதும் தேதியையே எழுதுகிறேன்.

‘உடைந்துவிட்டது’, ‘உடைத்தேன்’. இந்த வித்தியாசம் நடத்தையை மாற்றுமா?

இதற்குத்தான் வட ஆர்க்காட்டுக்காரர்கள் அதிகம் காது கொடுக்க வேண்டும்.

தமிழில் வினைச்சொற்கள் ஜோடி ஜோடியாக வரும். உடைந்தது–உடைத்தான், காய்ந்தது–காய்ச்சினான், கெட்டது–கெடுத்தான். முதல் சொல்லில் ஆள் இல்லை, இரண்டாவதில் ஆள் உண்டு. டம்ளர் விழுந்தால் குழந்தை ‘உடைஞ்சு போச்சு’ என்கிறது, அம்மா ‘உடைச்சுட்டியா’ என்கிறாள். அமெரிக்காவில் கெய்ட்லின் ஃபாசியும் லெரா பொரோடிட்ஸ்கியும் செய்த ஆய்வில், தற்செயலாக நடந்ததை ஆள் இல்லாமல் சொல்லிப் பழகிய ஸ்பானிஷ் மொழிக்காரர்கள், அதை யார் செய்தது என்பதை ஆங்கிலம் பேசுபவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே செய்த காரியம் என்றால் இரு தரப்புக்கும் நினைவு ஒன்றுதான்.

இப்போது பாலாற்றுக்கு வாருங்கள். ‘பாலாறு கெட்டுப்போச்சு’, ‘கிணறு வீணாப்போச்சு’, ‘மண்ணு செத்துப்போச்சு’. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை இதைத்தான் கேட்டு வளர்ந்தேன். வயதானவருக்கு முடி நரைப்பதைப் போல ஆறு தானாகக் கெட்டுவிட்டதாக அந்த வாக்கியம் சொல்கிறது. தானாகக் கெட்டதற்கு யாரிடம் போய்க் கேட்பது? பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. அப்போது இது வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம். தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் தெளிவாகச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அந்தக் கொள்கையின் பெயரைப் பாருங்கள்: ‘மாசுபடுத்தியவர்’. காணாமல் போயிருந்த எழுவாய் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லாம் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். நம் தெருவில் இன்னமும் ‘கெட்டுப்போச்சு’ என்கிறோம்.

தோல் ஆலையில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். யார் மேல் பழி போடுவது என்பது அவ்வளவு எளிதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பேச்சில் ஆளே இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைத் தொடங்கக்கூட முடியாது.

விபத்துச் செய்தியில் சொல் மாறினால் சாட்சியும் மாறுமா?

மாறும். எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1974-இல் ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். இரண்டாம் கூட்டத்தார் கூடுதல் வேகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது முதல் கூட்டத்தின் 50 பேரில் 7 பேர் ‘ஆம்’ என்றார்கள், இரண்டாம் கூட்டத்தின் 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விபத்து பார்த்து சாட்சி சொல்லப் போகிறவர்கள், யாரும் கேள்வி கேட்பதற்கு முன்பே பார்த்ததை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

‘நீ’, ‘நீங்கள்’ என்பதெல்லாம் வெறும் மரியாதைதானே?

தமிழில் ஒரு ஆளைப் பற்றி ஒரு வாக்கியம்கூட, அவரை ஒரு படியில் நிறுத்தாமல் சொல்ல முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தாங்க, வந்துச்சு. வினைமுற்றிலேயே தராசு இருக்கிறது. பெங்காலியில் ‘ஆப்னி, துமி, துய்’ என்று மூன்று படி உண்டு, ஆனால் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. ‘ஷே’ என்றால் அவனும் அவளும். அவர்கள் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்லும்போது நான் நிறுத்தி, ஆணா பெண்ணா என்று கேட்டுத்தான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு ஏன் கேட்கிறேன் என்றே புரியாது.

படியின் விஷயம் சாதாரணமானதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 70 வயதுப் பெரியவரை 10 வயதுப் பையன் பெயர் சொல்லி ‘வாடா’ என்று கூப்பிட்டதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். காரணம் சாதி. அந்தப் பெரியவர் ‘வரேன் சாமி’ என்று குனிந்து வந்தார். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த விகுதியைக் கேட்கிற முதுகு எப்படி நிமிரும்?

இதன் சிறு வடிவத்தை கவுன்ட்டர்களில் தினம் பார்க்கிறேன். கிழிந்த லுங்கியோடு வந்தவரிடம் ‘உனக்கு இன்னா ஒடம்பு’ என்று கேட்டால், அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். ‘உங்களுக்கு என்ன பண்ணுது’ என்று கேட்டால் இரண்டாவது கேள்வி கேட்பார்: இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாமா, முன்பு சாப்பிட்டதை நிறுத்தணுமா? உயிர் காக்கும் கேள்வி பல சமயம் அந்த இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்கும். அதனால் எதிரில் இருப்பவர் ‘நீ’ என்றாலும் நான் ‘ஆப்னி’ என்றுதான் மொழிபெயர்க்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லவில்லை என்று யாராவது குறை சொன்னால், அந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறேன்.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் வேறு வேறாக இருப்பதால் என்ன பயன்?

‘நாளைக்கு நாங்க ஆபரேஷன் பண்றோம்’ என்று டாக்டர் சொன்னால் நோயாளி தனியாகப் படுத்திருக்கிறார். ‘நாம பண்ணிக்கலாம்’ என்றால் டாக்டரும் அவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். தெலுங்கிலும் ‘மனம்’, ‘மேமு’ என்று இந்தப் பிரிவு உண்டு. இந்திக்கு ‘ஹம்’, பெங்காலிக்கு ‘ஆம்ரா’, ஒன்றுதான். டாக்டர் ஆங்கிலத்தில் ‘வி’ என்று சொல்லும்போது தமிழ் நோயாளிக்கு எதைச் சொல்வது என்று நான் அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் ‘நாம’ தான்.

சொல் வேறானால் நிறமும் வேறாகத் தெரியுமா?

கொஞ்சம். ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அந்த எல்லையின் இருபுறமும் உள்ள நீலங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்துக் கண்டார்கள் என்று 2007-இல் ஒரு ஆய்வு வெளியானது. நொடியில் ஒரு சிறு பங்கு வித்தியாசம்தான்.

நம் ‘பச்சை’ ஒரு நிறத்தோடு நிற்பதில்லை. பச்சைத் தண்ணீர், பச்சைப் புண், பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. இன்னும் வேகாதது, ஆறாதது, கவனமாகத் தொட வேண்டியது. ‘பச்ச ஒடம்புக்காரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடே அவளைக் குடம் தூக்க விடாது. அழகான சொல். ‘சிவப்பு’ அப்படியில்லை. பொண்ணு நல்ல சிவப்பு என்கிறோம், யாரும் செம்பருத்தி நிறத்தில் இல்லை. கொஞ்சம் வெளுத்த மாநிறத்தைச் ‘சிவப்பு’ என்று சொல்லி மேலே தூக்கி வைத்திருக்கிறோம். கருப்பாக இருக்கும் என் மகளை ஒரு கல்யாண வீட்டில் ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்றார்கள். அந்த ‘இருந்தாலும்’ அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

கிழக்கால், மேற்கால் என்று பேசுவது பழைய காலத்துப் பழக்கமா?

என் பாட்டி அடுப்படியிலேயே ‘சோத்துப் பானைய இன்னும் கொஞ்சம் மேக்கால தள்ளு’ என்பார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் மொழி பேசுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் பொருளுக்கும் திசையைத்தான் சொல்வார்கள் என்று உலகமே வியந்தது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990-களில் தமிழர்களிடையே ஆராய்ந்து, திசை சொல்லிப் பழகியவர்களும் இடது வலது சொல்லிப் பழகியவர்களும், பேச்சே தேவைப்படாத நினைவுச் சோதனைகளில்கூட வேறுபடுவதைக் காட்டினார். இரண்டு தரப்பும் தமிழே பேசியது. எனவே மொழியைவிடப் பழக்கம் பெரியது என்பது என் எண்ணம். வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும்போது, காட்பாடி பாலாற்றுக்கு வடக்கே என்று ஒரு தடவை சொல்லி வையுங்கள். எந்தத் தெருவில் மாட்டிக்கொண்டாலும் திரும்பி வருவார்கள்.

1806 கலகமா, புரட்சியா?

ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை அணியச் சொன்னதும், நெற்றிக் குறியையும் தாடியையும் தடை செய்ததும் உடனடிக் காரணங்கள். ‘கலகம்’ என்றால் ஒழுங்காக இருந்த இடத்தில் இவர்கள் கெடுத்தார்கள் என்று ஆகிறது. ‘புரட்சி’ என்றால் முதலில் இருந்ததே ஒழுங்கு இல்லை என்று ஆகிறது. வேலூர் மக்கான் பகுதியில் இருக்கும் நினைவுத்தூணை நாங்கள் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண் என்றுதான் சொல்கிறோம். எனக்கும் அதுதான் சரி.

‘வந்துகினு’, ‘இன்னா’ என்று பேசுவதால் பிள்ளைகள் வேலைத் தேர்வில் தோற்பார்களா?

அந்தப் பேச்சில் குறை இல்லை. ‘வந்துகொண்டு’ தேய்ந்து ‘வந்துகினு’ ஆனது, வேறு ஊரில் ‘வந்துகிட்டு’ ஆனது. இரண்டும் ஒரே மாதிரித் தேய்மானம். கேட்கிறவர் சிரிப்பதால் பிள்ளை வாயை மூடுகிறது, வாயை மூடியதால் மந்தம் என்று எழுதுகிறார்கள். எழுத்துத் தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள், வீட்டுப் பேச்சைப் பிடுங்காதீர்கள்.

நோயின் பெயர் ஆளின் பெயராகிவிடுவதைத் தடுக்க முடியுமா?

வேலூர் பக்கத்துக் கரிகிரியில் தொழுநோய்க்கென ஆராய்ச்சி நிலையம் 1955-இல் தொடங்கியது. இந்த வேலூரில்தான் பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். மருந்தால் நோய் முழுதாகக் குணமாகும். குணமான பிறகும் ‘குஷ்டரோகி’ என்ற சொல் அவரை விடுவதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும். ‘தொழுநோய் வந்து குணமானவர்’ என்பது நீளம்தான். நீளமாகவே சொல்வோம். ‘மாற்றுத்திறனாளி’, ‘திருநங்கை’ என்ற சொற்களும் ஒரு காலத்தில் வாயில் வராமல் இருந்தவைதான். இன்று அரசுப் படிவத்திலும் டீக்கடையிலும் அவைதான் புழங்குகின்றன.

ஆஸ்பத்திரியில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லலாமா?

நம் வீட்டில் ‘போறேன்’ என்றால் பெரியவர்கள் திட்டுவார்கள், ‘வரேன்னு சொல்லு’. ஆனால் சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ‘வரேன்’ என்று சொல்லத் தயங்குவோம். திரும்ப வர வேண்டிய இடமா அது?

முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நான்கு மாதம் இங்கே தங்கியது. மகனுக்குச் சிகிச்சை. கிளம்பும் நாளில் அந்த அம்மா லாட்ஜ் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘ஆஷி’ என்றார். பெங்காலியில் ‘ஆஷி’ என்றால் ‘வருகிறேன்’. அவர்களும் போகும்போது ‘ஜாய்’, அதாவது ‘போகிறேன்’, என்று சொல்லமாட்டார்கள். சொன்ன பிறகுதான் எந்த ஊரில் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது போல, சட்டென்று நிறுத்தினார். நான் ‘எங்க வீட்டுக்கு வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்கு வேணாம்’ என்றேன்.

முதல் தடவையாக வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறோம். மொழி விஷயத்தில் என்ன தயாராக வர வேண்டும்?

உங்கள் ஊரில் அந்த உபத்திரவத்துக்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் பெயரே சொல்லாமல் உடம்பில் நடப்பதையும் தனியாக எழுதுங்கள்: எந்த இடம், எப்போது தொடங்கியது, குத்துகிறதா காந்துகிறதா மரக்கிறதா, எதனால் குறைகிறது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கொண்டுவாருங்கள், ‘வெள்ளை மாத்திரை’ என்றால் யாருக்கும் புரியாது. மொழிபெயர்ப்பவர் சொன்னதைத் திரும்ப உங்கள் வாயால் சொல்லிக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நெஞ்சு இறுக்கி, வேர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் பெயர் தேடாதீர்கள். 108.